யாகூப் முறுக்காத நட்டு

வேலுத்தாய் வரப்போகிறாள் என்ற செய்தியைச் செல்லச்சாமிதான் கொண்டுவந்தான். ரம்ஜான் பெருநாள் முடிந்த மறுநாள் அது. யாகூப் அப்போதுதான் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து, பழைய ஜீப் ஒன்றின் அடியில் தலையைக் கொடுத்திருந்தார்.

"பாய், பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சிருச்சு. வேலுத்தாயக்கா நாளைக்கு உங்களப் பாக்க வருதாம். வண்டி எதுக்கு நின்னுச்சுன்னு உங்க வாயால கேக்கணுமாம்."

யாகூப் ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "நீ என்னலே சொன்ன?"

"எனக்கென்ன தெரியும், நான் டிரைவர், எதா இருந்தாலும் பாய்ட்ட கேளுங்கன்னுட்டேன்."

"நல்லாத்தான் செஞ்சிருக்க போ."

அந்த வேன் நடுரோட்டில் ஏன் நின்றது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் இப்போது எதிரெதிரே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்குத் தெரியவே கூடாதோ அவள் மறுநாள் கேட்க வருகிறாள். தெரிந்துவிட்டால் அவள் உயிரை வைத்திருப்பாளா என்பதே யாகூபுக்குச் சந்தேகமாக இருந்தது.

யாகூபின் ஒர்க்‌ஷாப் சிவகாசி - விருதுநகர் ரோட்டிலிருந்து ஆமத்தூருக்குப் பிரிகிற விலக்கில் இருந்தது. ஒர்க்‌ஷாப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு இரும்புத் தூண், மேலே தகரம், கீழே ஆள் இறங்கி நிற்க ஒரு குழி, சுற்றிலும் கரி ஆயில் ஊறிக் கறுத்துப்போன மண். அவ்வளவுதான். அவருடைய குடும்பம் விருதுநகரில் மல்லி, வத்தல் வியாபாரம் செய்த குடும்பம். அண்ணன்மார் மூன்று பேரும் வெள்ளைச் சட்டையோடு அத்தாவின் கமிஷன் கடையில் உட்கார்ந்திருக்க, கடைக்குட்டி மட்டும் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனது. மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து மோந்தாலே இது எந்த ஊர் வத்தல், எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுகிற மூக்கு அந்தக் குடும்பத்துக்கு. அந்த மூக்கைப் போய் டீசல் புகையில் நீட்டுகிறானே என்று அத்தா கண்ணை மூடுகிறவரை அங்கலாய்த்தார்.

அங்கலாய்க்கத் தேவையில்லை. மூக்கு வீணாகப் போகவில்லை. எந்த வண்டி வந்தாலும் எஞ்சினை ஓடவிட்டு, மேலே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, அந்த ஓட்டைமேல் உள்ளங்கையை வைப்பார் யாகூப். பிறகு கையை எடுத்து மோந்து பார்ப்பார். 'மூச்சு பார்க்கிறது' என்று அதற்குப் பெயர். வைத்தியர் நாடி பார்க்கிறபோது இருக்கிற பவிசெல்லாம் அந்த முகத்தில் இருக்கும். கேலி செய்கிற டிரைவர்கள் உண்டு. ஆனால் அவர் சொன்னது தப்பியதாக யாரும் சொன்னதில்லை.

விஷயம் எளிதுதான். எஞ்சினுக்குள் டீசல் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. எரிந்த காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்காமலிருக்க, அதைச் சுற்றி இரும்பு ரிங்குகள் இருக்கின்றன. புத்தம் புது ரிங்காகவே இருந்தாலும் கொஞ்சம் காற்று நழுவி, அடியில் ஆயில் கிடக்கிற அறைக்குள் வரத்தான் செய்யும். ரிங் தேய்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வந்த காற்று வெளியே போக எஞ்சினின் மண்டையில் ஒரு குழாய் வைத்திருப்பார்கள். பிரீதர் என்பார்கள், யாகூப் அதை மூச்சுக்குழாய் என்பார். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். கீழே வருகிற பிஸ்டனை அந்த அழுத்தமே எதிர்த்துத் தள்ளும், வண்டிக்கு இழுவை போகும், சீல்கள் பிதுங்கி ஆயில் கசியும். வெயிட் சிக்கிக்கொண்ட குக்கர் மாதிரி எந்த இடம் பலவீனமோ அந்த இடத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பும். "மனுசனுக்கு மூக்க அடைச்சா வாயால விடுவான். எஞ்சின் எதால விடும்?" என்று இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு டிரைவரிடமும் சலிக்காமல் கேட்டவர் அவர்.

செல்லச்சாமி ஓட்டியது சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் வேன். அண்ணாச்சிக்கு நாலு வேன். ஆமத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆட்களை ஏற்றி, நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் காலையில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். பதின்மூன்று பேர் உட்காருகிற வேனில் இருபத்தெட்டுப் பேர். தீபாவளி சீசனில் முப்பத்திரண்டு. அந்தப் பாரத்தை வருஷக்கணக்காக இழுத்து இழுத்து எஞ்சின் கிழடு தட்டிப்போயிருந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷத் தீபாவளிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கும்போது யாகூப் அந்த வேனின் மூச்சைப் பார்த்தார். உள்ளங்கையில் சூடாக, கறுப்பாக அடித்தது.

"அண்ணாச்சி, ரிங் தேஞ்சுபோச்சு. எஞ்சினை இறக்கணும். நாலு நாள் வண்டிய விடுங்க."

"நாலு நாளா? என்ன பாய் வெளாடுறீகளா? சீசன்ல வண்டிய நிப்பாட்டிட்டு ஆளுகளத் தோள்லயா தூக்கிட்டுப் போகச் சொல்லுறீக? ஓடுறவரைக்கும் ஓடட்டும். தீபாவளி கழியட்டும், எஞ்சினையே மாத்திருவோம். இப்பதைக்கு ஆயில மட்டும் மாத்தி விடுங்க."

யாகூப் ஆயிலை மாற்றினார். அடியில் இருக்கிற நட்டைத் தன் வழக்கப்படி இறுக்கிவிட்டு, முறுக்கிய அடையாளமாக அதன்மேல் சாக்பீஸால் ஒரு கோடும் போட்டார். அப்போதுதான் இன்னொன்றையும் கண்டார். அந்த மாதிரி வேனில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்தில், உள்ளேயே, ஒரு தகர மூடிக்குக் கீழே இருக்கும். மூச்சுக்குழாயின் நுனியில் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி, புகையைத் தரைக்கு அடியில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். அந்த ஹோஸ் இற்று விழுந்துவிட்டிருந்தது. புகை நேராக வேனுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது.

"ஹோஸ் இங்கன கிடைக்காது. சூடு தாங்குற சாமான் மதுரையிலதான் வாங்கணும். வெள்ளிக்கிழமை ஆளு போகும், வாங்கியாரச் சொல்லுறேன்" என்று செல்லச்சாமியிடம் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்த வெள்ளியும் போயிற்று. நோன்பு மாசம், கடையில் ஏழெட்டு வண்டி நிற்கிறது, ஒவ்வொரு வேன்காரனும் சீசன் சீசன் என்று உயிரை வாங்குகிறான். ஒரு மீட்டர் ஹோஸ், ஒரு கிளிப், அரை மணி நேர வேலை. அண்ணாச்சியைத் திட்டுவது சுலபம், நானும் திட்டத்தான் போகிறேன். ஆனால் இந்த ஒரு மீட்டர் ஹோஸுக்கு யாரைத் திட்டுவது? யாகூப் யாரைத் திட்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

வேலுத்தாய் வீடு வண்டி போகிற வழியில் கடைசி ஊரில் இருந்தது. கடைசியில் ஏறுகிறவர்களுக்கு எஞ்சின் மூடியை ஒட்டிய இடம்தான் கிடைக்கும். அவளும் மகள் எழிலும் அதன்மேலேயே தொற்றிக்கொண்டு வருவார்கள். அவள் புருஷன் செத்து ஒன்பது வருஷம். அவர் இருந்தவரை இரண்டு பேரும் காட்டுவேலைக்குப் போனார்கள். மழை பொய்த்து, காட்டுவேலையும் இல்லாமல் போனபின் அவள் கம்பெனிக்கு வந்துவிட்டாள். வானத்தில் போய் வெடிக்கிற ரகங்களுக்குக் காகிதக் குழல் சுற்றுவது அவள் வேலை. பழுப்புக் காகிதத்தைப் பசை தடவிக் கம்பியில் சுற்றி உருவி வெயிலில் போட்டால், காய்ந்தபின் கட்டைபோல் ஆகிவிடும். ஒரு பக்கத்தைக் களிமண் வைத்து அடைத்துவிட்டு, மறுபக்கம் வழியாக வெடிமருந்து போடுவார்கள். மகன் அன்பரசன் அதே கம்பெனியில் மருந்து ரூமில் இருந்தான். இருபத்திரண்டு வயது. அவன் சைக்கிளில் போய்விடுவான். எழிலுக்குப் பத்தொன்பது. அந்த ஆடி மாசம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

எழிலுக்கு அந்தப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி கிளம்பிப் பத்து நிமிஷத்தில் வயிற்றைப் புரட்டும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டே வருவாள். கம்பெனியில் இறங்கும்போது முகம் வெளுத்து, கண் செருகி, நிற்க முடியாமல் தாயின் தோளைப் பிடித்துக்கொள்வாள். தலை சுற்றிக்கொண்டு திரி கோர்க்கிற வேலையைச் செய்யலாமா? ஒருநாள் போர்மேன் பார்த்துவிட்டு, இப்படி வந்தால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பெற்றவள் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? செல்லச்சாமி தண்ணீர் ஊற்ற மூடியைத் திறந்தபோது புகை எங்கிருந்து வருகிறது என்பதை வேலுத்தாய் பார்த்துக்கொண்டாள். கட்டைவிரல் தடிமனில் ஒரு குழாயின் வாய். ஒன்பது வருஷம் குழல் சுற்றிய கண்ணுக்கு அளவுகோல் எதற்கு? மறுநாள் கம்பெனிக் கழிவிலிருந்து களிமண் அடைத்த குழல் ஒன்றை எடுத்தாள். மேலே இரண்டு சுற்றுக் காகிதம் பசை வைத்துச் சுற்றிக் காயவைத்து, சாயங்காலம் அதைக் கொண்டுவந்து குழாய்க்குள் சொருகி, ஒரு கல்லால் நாலு தட்டுத் தட்டினாள். செய்துவைத்த மாதிரிப் பொருந்திக்கொண்டது. செல்லச்சாமி பக்கத்தில் நின்று பார்த்தான். மூச்சுக்குழாயைப் பற்றி யாகூப் சொல்லி நூறு தடவை கேட்டவன்தான். அவனுக்கும் அந்தப் புகை போதும் போதும் என்றாகியிருந்தது. பாய் ஹோஸ் வாங்கி வருகிறவரைக்கும்தானே என்று விட்டுவிட்டான்.

அடுத்த நாள் வேனுக்குள் புகை இல்லை. எழில் வாந்தி எடுக்கவில்லை. அன்று வண்டியில் வந்த பெண்கள் எல்லாரும் வேலுத்தாயை மெச்சினார்கள். "மெக்கானிக்கு எதுக்கு, நம்ம வேலுத்தாயி இருக்கும்போது" என்று ஒருத்தி சொல்ல, வேன் முழுக்கச் சிரிப்பு. வேலுத்தாயும் சிரித்தாள். நாலு நாள் அப்படியே ஓடிற்று. கிராமத்து ரோட்டில் பாரத்தோடு உருண்டு போகிற வண்டி. மெதுவாக ஓடியவரை அடைபட்ட காற்று சீல்களின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பியது. கூடவே ஆயிலும் கசிந்தது. கிழட்டு வண்டி, கசியத்தானே செய்யும் என்று செல்லச்சாமி நினைத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் முற்பகல் மருந்து ரூமில் தீப்பிடித்தது.

எப்படிப் பிடித்தது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்த ஊரில் அது எப்போதும் அப்படித்தான். மூன்று பேர் கருகினார்கள். சிவகாசியில் முதலுதவி செய்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இருந்த ஆம்புலன்சில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் அன்பரசன். அண்ணாச்சியின் வேன்தான் அப்போது கையில் இருந்த வண்டி. சீட்டுகளைக் கழற்றி வீசிவிட்டு, வாழை இலையில் சுற்றி அவனைக் கிடத்தினார்கள். வேலுத்தாய் ஏறி அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். எழில் கம்பெனி வாசலிலேயே மயங்கிக் கிடந்தாள்.

செல்லச்சாமி ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தான். பல மாசத்துக்குப் பிறகு அந்த எஞ்சின் முழு வேகத்தில் ஓடியது அன்றுதான். வேகம் ஏற ஏற, தேய்ந்த ரிங்குகளைத் தாண்டிக் காற்று குபுகுபுவென்று கீழே இறங்கியது. வெளியே போக வழியில்லை.

ஆமத்தூர் விலக்கைத் தாண்டும்போது ஹார்ன் சத்தம் கேட்டு யாகூப் நிமிர்ந்தார். வண்டி போன சத்தமே அவருக்குச் சரியாகப் படவில்லை. எஞ்சின் கத்துகிற அளவுக்கு வண்டி இழுக்கவில்லை. பின்னால் நீலப்புகை வேறு. "ஏலே, நிப்பாட்டு" என்று கத்திக்கொண்டே ரோட்டுக்கு ஓடினார். அரைக் கிலோமீட்டர் தள்ளி அது தானாகவே நின்றுவிட்டது.

சாமான் பையோடு மொபெட்டில் போய் இறங்கி மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை அழுத்தம் பிடுங்கி எறிந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக ஆயில் முழுவதும் பீய்ச்சி அடித்து, சூட்டில் கருகி நாறியது. சொட்டு ஆயில் இல்லாமல் ஓடி எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. மூச்சுக்குழாயின் வாயில் பழுப்புக் காகிதக் குழல் ஒன்று சிக்கென்று உட்கார்ந்திருந்தது. யாகூப் அதைப் பிடுங்கினார். உள்ளே கிடந்த சூடு முகத்தில் அடித்தது.

"யாருலே இது?"

செல்லச்சாமி கண்ணால் பின்பக்கம் காட்டினான். யாகூப் திரும்பினார். வேலுத்தாய் மகனின் தலையை மடியில் வைத்திருந்தாள். குழலையோ எஞ்சினையோ அவள் பார்க்கவில்லை.

"பாய், சீக்கிரம் பாய். இவன் தண்ணி கேக்கான். குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக."

குழலைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு யாகூப் ரோட்டின் நடுவில் போய்க் கையை விரித்து நின்றார். வந்த லாரிகளில் முதல் மூன்றும் பட்டாசு லோடு. பட்டாசு லோடு ஏற்றிய லாரி வழியில் யாருக்காகவும் நிற்காது, ஆளும் ஏற்றாது. அது அங்கே எழுதாத சட்டம். அவர் ஒதுங்கும்வரை ஹார்ன் அடித்துவிட்டு மூன்றும் போய்விட்டன. கார் ஒன்று வேகத்தைக் குறைத்து, உள்ளே கிடப்பதைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டியது. முப்பத்தைந்து நிமிஷத்துக்குப் பிறகு பருத்திக்கொட்டை இறக்கிவிட்டுக் காலியாக வந்த லாரி நின்றது. யாகூபும் செல்லச்சாமியும் அவனைத் தூக்கினார்கள். யாகூபின் கையோடு வாழை இலையும் தோலும் சேர்ந்து வந்தன.

திருமங்கலம் தாண்டுவதற்கு முன்னாலேயே அன்பரசன் போய்விட்டான். ஆம்புலன்சில் போன இரண்டு பேரில் ஒருவர் இறந்தார், ஒருவர் பிழைத்தார். நேரத்துக்குப் போயிருந்தால் இவன் எந்தப் பக்கம் இருந்திருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதுதான் கொடுமை.

குழலை யாகூப் அன்றே அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். செல்லச்சாமி செய்தி கொண்டுவந்த அன்று இரவுதான் மனைவி சம்சாத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவளிடம்தான் யோசனையும் கேட்டார்.

"அந்தப் பொம்பளைட்ட குழல்தான்னு சொல்லிராதீக" என்றாள் சம்சாத். "மகளுக்குன்னு செஞ்சு மகனைக் கொன்னுட்டேன்னு அது அரளிய அரைச்சுக் குடிச்சிரும். அண்ணாச்சி மேல சொல்லுங்க. அவுகதான எஞ்சினைப் பிரிக்க விடல? அது பொய்யும் இல்லயே."

"ரிங் தேஞ்சிருச்சுன்னு சொன்னா, ரிங் தேஞ்சா என்னாகும்னு கேக்கும். புகை வரும்னு சொல்லணும். அந்தப் புகையத்தான நான் அடைச்சேன்னு அதுக்கே தோணிரும். எங்க தொட்டாலும் சுத்தி அந்தக் குழாய்லதான் வந்து நிக்குது சம்சாத். மூச்சோட சம்பந்தமே இல்லாத காரணமா இருக்கணும்."

"அப்படி என்ன இருக்கு?"

அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் வேலுத்தாய் வந்தாள். கூட எழில். செல்லச்சாமியும் முன்கூட்டியே வந்து ஒரு தூணோடு தூணாக நின்றிருந்தான். மகன் செத்த நாளிலிருந்து அவள் அழவே இல்லை என்று அவன் சொல்லியிருந்தான். எடுக்கும்போதும் அழவில்லை, பதினாறு அன்றும் அழவில்லை. சாப்பிட வைத்ததைச் சாப்பிடாமலும் தூங்கச் சொன்னால் தூங்காமலும் சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம்.

"வாங்கக்கா. இப்படி உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. கடைக்குள் எஞ்சின் திறந்தபடி அந்த வேன் நின்றது. அதைப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"நான் அடைச்ச குழலா பாய்?"

அவள் சுற்றிவளைத்துக் கேட்பாள், அழுவாள், இடையிலே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார் யாகூப். இப்படி முதல் வார்த்தையிலேயே கேட்பாள் என்று நினைக்கவில்லை.

"எந்தக் குழல்?"

"புகை வாரதுக்கு நான் அடைச்சேன்ல. இவளுக்காக. அதனாலதான் வண்டி நின்னுச்சா? அன்னைலருந்து எனக்கு அது ஒண்ணுதான் ஓடிக்கிட்டே இருக்கு. செல்லச்சாமி தெரியலன்னுட்டான். நீங்க தெரிஞ்சவுக, மறைக்காமச் சொல்லுங்க."

"அட, அதுவா? அது வெறும் புகைக் குழாய்க்கா. அதுக்கும் எஞ்சினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. தொறந்து கெடந்தாலும் ஒண்ணுதான், அடைச்சாலும் ஒண்ணுதான்."

இருபத்தைந்து வருஷத் தொழிலில் அதைவிடப் பெரிய பொய்யை அவர் சொன்னதில்லை. தூணருகில் செல்லச்சாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப எதுக்கு நின்னுச்சு?"

"ஆயில் பூரா ஒழுகிருச்சு. அடியில ஒரு நட்டு இருக்கும். அதக் களட்டித்தான் பழைய ஆயில எறக்குவோம். போன மாசம் ஆயில மாத்துனப்ப..." யாகூப் கண்ணை வேன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அத நான் சரியா முறுக்கலக்கா. நோன்பு நேரம், மயக்கமா இருந்துச்சு. ஏனோதானோன்னு விட்டுட்டேன். வேகமாப் போகயில அது களண்டு விளுந்திருச்சு. தப்பு என் மேலதான்."

"ஒரு நட்டா?"

"ஒரே ஒரு நட்டுதான்."

வேலுத்தாய் வேனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பதினேழு நாளாக அந்த முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அசைவதை யாகூப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டென்று குனிந்து, கரி ஆயில் ஊறிய மண்ணை இரண்டு கையாலும் வாரி அவர்மேல் வீசினாள். கண்ணிலும் வாயிலும் அப்பிக்கொண்டது.

"நீ நல்லா இருப்பியா? ஒரு நட்ட முறுக்க உனக்கு வலிச்சுச்சா? என் பிள்ளை நடுரோட்டுல தண்ணி தண்ணின்னு கெடந்தானேடா. நீ பெத்தது மட்டும் நல்லா இருந்திருமா? அதுவும் இப்படி ரோட்டுல கெடக்கணும். நீ கைய விரிச்சிக்கிட்டு நிக்கணும். ஒரு வண்டியும் நிக்கக் கூடாது. நான் கும்புடுற காளி இருந்தா நீ அதக் கண்ணால பாக்கணும்."

தொழில் போகும் என்று யாகூபுக்குத் தெரியும். அடிப்பாள் என்றுகூட நினைத்திருந்தார். இதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷம் ஏங்கிப் பெற்ற ஒரே பிள்ளை நாதியா. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அல்லா, என் பிள்ளையைச் சொல்கிறாளே. அக்கா, நான் இல்லை, நட்டை நான் முறுக்கித்தான் இருந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். சத்தியமாகத் திறந்துவிட்டார்.

அப்போதுதான் எழிலைப் பார்த்தார். அவள் தாய்க்குப் பின்னால் நின்றிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்து, அவரைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தாள். வேண்டாம், சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யாருக்காக அடைக்கப்பட்டதோ அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

யாகூப் வாயை மூடிக்கொண்டார். மண் பல்லில் நறநறத்தது.

வேலுத்தாய் அங்கேயே, அந்த ஆயில் மண்ணிலேயே விழுந்து அழ ஆரம்பித்தாள். மகனைப் பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு அழுதாள். எழில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சிவகாசி போகிற பஸ் ஒன்று வந்து நின்றபோது எழில்தான் தாயை எழுப்பி, கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். வேலுத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் மறைகிறவரை யாகூப் முகத்தைத் துடைக்காமல் நின்றார். செல்லச்சாமி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். அவனும் அழுதிருந்தான்.

"பாய், நீங்க அந்த நட்ட முறுக்குனத நான் என் கண்ணால பாத்தேன். சாக்பீஸ் கோடு இன்னமும் அதுல கெடக்கு. நான் போய் ஆளுககிட்ட..."

"அந்த நட்ட முதல்ல களட்டித் தூரப் போடு. நான் முறுக்கல. யாரு கேட்டாலும் பாய் முறுக்கலன்னுதான் நீ சொல்லணும். உன் பிள்ளைக மேல ஆணை."

அவன் ஒருவனிடம்கூடச் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஒரே வாரத்தில் நாரணாபுரத்திலிருந்து விருதுநகர்வரை எல்லா வேன்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஆமத்தூர் விலக்கில் நின்றுகொண்டிருந்த வண்டிகள் நிற்காமல் போக ஆரம்பித்தன. சங்கரபாண்டியன் அண்ணாச்சி வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். போகிற இடமெல்லாம், "நம்பிக் கொடுத்தேன், ஒரு நட்டைக்கூட முறுக்கத் தெரியாதவன்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். நாலு நாள் வண்டியை விட முடியாது என்று சொன்ன அதே வாயால்தான். வெட்கமில்லாத வாய்க்கு எதுவும் உறைக்காது. சம்சாத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வேலுத்தாய் மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், வேளைக்குக் கொஞ்சம் சோறு தின்கிறாள், அவ்வப்போது அழுகிறாள் என்று செல்லச்சாமி சொல்லி யாகூபுக்குத் தெரியும்.

அதெல்லாம் பிறகு நடந்தது. மண் விழுந்த அன்று சாயங்காலம் யாகூப் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு விருதுநகருக்குப் போனார். நாதியா எப்போதும் தோழிகளோடு நடந்துதான் வீட்டுக்கு வருவாள். பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் என்பது தெரியுமே தவிர, அதன் வாசலில் அவர் ஒருநாளும் போய் நின்றதில்லை. அன்று மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய், ரோட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.